பேப்பர் மாமா போட்ட ஒன்பது துளைகள்

மேடையில் இருக்கும் மண்டலக் கட்டிட அதிகாரி ஐயா அவர்களே, புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஆய்வாளர் சார் அவர்களே, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான அத்தை அவர்களே, அவருடைய மகளான அக்கா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் எங்கள் நாற்பத்தாறு வீட்டு மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த இடத்தில் நின்று பேச வேண்டியவர் எங்கள் சங்கச் செயலாளர் அண்ணன். நேற்று மாலை மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தொண்டை கட்டிக்கிச்சு பாப்பா, நீ பேசிடு. அவர் உங்க வீட்டுக்குத்தான அதிகமா வந்தாரு" என்றார். கட்டிய தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தம் நான்காம் மாடி வரைக்கும் கேட்டது. இருந்தாலும் நான் சரி என்றேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இழந்திருப்பவர் யார்? இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டிட ஆய்வாளராக இருந்தவர். ஒரு வீட்டுக்குள் எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதியவர். பெரியவர்களுக்கு அவர் ஆய்வாளர் ஐயா. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பேப்பர் மாமா! ஏன் அந்தப் பெயர்? கருவியில் எண் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் மீது வைப்பார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபேன் காற்றை இழுக்கிறது. விழுந்தால் இழுக்கவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "ஒட்டுச்சா மாமா? விழுந்துச்சா மாமா?" என்று கத்துவார்கள். "நீங்க கத்துற காத்துலயே விழுந்துடும்டா, தள்ளி நில்லுங்க" என்பார்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் அவரைப் பற்றி நல்லதே சொன்னார்கள். மண்டல அதிகாரி ஐயா, "தன் பணிக்காலத்தில் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர்" என்றார். கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஏனென்றால் அது உண்மையில்லை. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் இன்னும் எட்டு வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

உண்மையில்லாததைச் சொல்லி ஒருவரைப் புகழ்ந்தால் அது மரியாதையா? உண்மையைச் சொல்லி அவர் பெயரில் கீறல் விழுந்தால் அது நன்றியா? நேற்று மாலையிலிருந்து யோசிக்கிறேன். எனக்குப் புரியவில்லை. ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். புரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் குடியிருப்பு பழையது. குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்குகளில் காற்று விசில் அடிக்கும். அம்மா செய்தித்தாளை மடித்து மடித்துச் செருகுவாள். ஹீட்டர் நாள் முழுவதும் ஓடும், சுவர் மட்டும் சில்லென்றே இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று புதிய கட்டிட விதி வந்தபோது எங்களை நான்கு மாதம் வேறிடத்தில் தங்க வைத்துவிட்டு வீடுகளைச் சரிசெய்தார்கள். சுவர்களுக்கு உட்பக்கம் தடித்த பலகை ஒட்டினார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர். கதவுக்கு அடியில் பிரஷ். ஆள் குடியேறுவதற்கு முன்பே வாசலில் பெரிய ஃபேனை மாட்டி வீட்டுக் காற்றை உறிஞ்சிப் பார்த்து, இடுக்கே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த முதல் வாரம் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்காலத்தில்! "ஏதோ பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளியா வந்த மாதிரி இருக்கு" என்றார். சின்ன ஹீட்டர் ஒன்று, சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த விதி எங்களுக்குச் செய்தது பெரிய நன்மை. அதை நான் மறக்கவில்லை. அதை மறந்துவிட்டுப் பேசினால் இந்தக் கதையே பொய்யாகிவிடும்.

விதியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. வீட்டை இறுக்கமாக மூடிவிட்டால் சமையல் ஆவியும் குளியல் ஈரமும் நம் மூச்சும் எங்கே போகும்? அதற்காகத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன். அது போதுமான அளவு இழுக்கிறது என்று ஆய்வாளர் வந்து அளந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு அளக்க வேண்டும். அந்தப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் எனக்கு வயது பதின்மூன்று. அம்மா மீன் வறுத்திருந்தாள். "ஆபீசர் மாடியேறிட்டாரு! வீடு நாறுது, உள்ரூம் ஜன்னலைத் தொறடி" என்றாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன். வெளியே காய்ந்த எங்கள் உள்ளாடைகள் அவர் கண்ணில் படக் கூடாது என்று திரையையும் இழுத்துவிட்டேன். அவர் வந்தார். தாளை ஃபேனில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கருவியை வைத்தார், எண் வந்தது. எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் நாற்பத்தாறு வீட்டையும் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. திரைக்குப் பின்னால் அவர் பார்க்கவில்லை. 'எல்லா ஜன்னல்களும் மூடியுள்ளன' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அம்மா வாரம் ஒருமுறை பிளீச்சிங் போட்டுத் தேய்ப்பாள். மறுவாரம் அதே இடத்தில் அதே புள்ளி. அப்போது இரண்டு வயதாக இருந்த என் தம்பிக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு வந்தது.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "வீட்டைச் சுத்தமா வச்சா பூஞ்சை எதுக்கு வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து அவர் வீட்டு வரவேற்பறையில் திடீரென்று பெரிய காலண்டர் ஒன்று தொங்கியது. அதன் கீழ்விளிம்பில் கறுப்பு எட்டிப் பார்த்தது. அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று எங்கள் அம்மா எவ்வளவு அழுதாள் என்பது உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் புகார் எழுதினோம். பதில் வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'குடியிருப்போரின் பழக்கவழக்கமே காரணம். துணிகளை வீட்டுக்குள் உலர்த்த வேண்டாம். சமைக்கும்போது பாத்திரத்தை மூடவும். நாள்தோறும் ஜன்னலைத் திறந்து வைக்கவும்.' கீழே கையெழுத்து. யாருடையது? பேப்பர் மாமாவுடையதுதான்.

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான்தான் அழுக்கா?" என்றாள்.

மாமா என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர் எழுதிய கடிதம் அது. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகையும் குளிரும் நேராகத் தம்பியின் நெஞ்சுக்குப் போகும். மூடினால் ஈரம். எதைச் செய்வது? கடிதத்தில் அதற்கு விடை இல்லை.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவரே நேரில் வந்தார். அப்பா லாரியோடு வெளியூரில். அம்மா தையல் கம்பெனியில். வீட்டில் நானும், நெபுலைசர் மாட்டிக்கொண்டிருந்த தம்பியும்தான். அவர் தம்பியைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றவே மறந்து நின்றார். பிறகு ஃபேனைப் போட்டுத் தாளை வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது, தாள் மட்டும் நிற்கவில்லை.

"முதல்ல நான் வந்தப்ப எல்லா ஜன்னலும் மூடித்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான், "ஆமா சார்" என்றேன்.

பொய். சபையோரே, அது பொய். திறந்தது நானே. ஆனால் அவர் கையில் ஃபைல் இருந்தது. தப்பு என் மேல் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்தேன். அந்தப் பொய்யை அவர் நம்பினார். அப்படியானால் ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது ஃபேன் போட வைத்தார். அதுவும் இழுக்கவில்லை. கருவிதான் தப்பு என்று நினைத்துக் கருவியைப் பழுது பார்க்க அனுப்பினார். அப்படியே ஒரு குளிர்காலம் போனது. அந்தக் குளிர்காலத்தில்தான் தம்பி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். திரும்பி வந்தவனைப் பகலில் தனியாக விட முடியாது என்று என் பள்ளிக்கூடம் நின்றது.

என் ஒரு வார்த்தையால் எத்தனை மாதம் போனது! அதற்கு யாரைக் குறை சொல்வது? ஜன்னலைத் திறந்த என்னையா, திரையை விலக்கிப் பார்க்காத அவரையா, மீன் வறுத்த அம்மாவையா?

உண்மை எப்படி வெளியே வந்தது தெரியுமா? மறு வருடம் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை மறுபடி அளக்கப் போனார். நான் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தேன். அவர் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "ஐயோ, ஆபீசர் வந்துட்டாரு! வெங்காய வாடை அடிக்குது, அந்த ஜன்னலைத் தொற சீக்கிரம்!" பிறகு ஜன்னல் சறுக்கும் சத்தம்.

தட்டிய கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். படியில் உட்கார்ந்தார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது முழுக்கச் சிரிப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உங்க வீட்லயும் இதேதானா பாப்பா?"

தலையாட்டினேன்.

"நாப்பத்தாறு வீட்லயுமா?"

"ஆபீசர் வரும்போது வீட்டை வாடையோடவா சார் வச்சிருப்பாங்க?" என்றேன்.

"அப்ப நான் அளந்தது உங்க வீட்டுக் காத்தை இல்ல. உங்க மரியாதையை" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "நான் பொய் சொன்னேன் சார்" என்றேன். "கையில ஃபைலை வச்சுக்கிட்டுக் கேட்டா உண்மை எப்படி வரும்? நானா இருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். கேனை இறக்கி வை முதல்ல, கை வலிக்கப் போவுது" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவைத் திறந்த பெரியம்மாவிடம், "எல்லா ஜன்னலையும் மூடுங்கம்மா, வாடை இருந்தா இருக்கட்டும்" என்றார். மூடினார்கள். தாள் விழுந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். தாள் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். உள்ளே வர வழியில்லாத இடத்தில் வெளியே இழுக்க எங்கே காற்று இருக்கும்? பாட்டிலில் வாய் வைத்து உறிஞ்சுவது போலத்தான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் எழுதின கடிதாசியைக் கிழிச்சுப் போடுங்க. வீட்டை எப்படி இறுக்கணும்னு விதியில பக்கம் பக்கமா இருக்கு. காத்து எப்படி உள்ள வரணுங்கிறது ஒரே வரி. அந்த ஒரு வரியை நான் சரியாப் பார்க்கலை."

அம்மா அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னதில் எனக்குக் குழப்பம் இல்லை. இனிமேல்தான்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? 'நாற்பத்தாறு வீட்டிலும் தவறாக அளந்துவிட்டேன்' என்று அலுவலகத்துக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 'வீடுகளுக்குக் காற்று உள்ளே வர வழி அமைக்க அனுமதி வேண்டும்' என்று மட்டும் மூன்று முறை எழுதினார். இரண்டு முறை பதில் இல்லை என்றும், மூன்றாம் முறை விதியில் இடமில்லை என்று வந்தது என்றும் அம்மாவிடம் சொன்னார். அதிகாரி ஐயா, உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"தப்பா அளந்துட்டேன்னு எழுதிடலாமே சார்?" என்று அம்மா கேட்டாள்.

"எழுதினா சான்றிதழ் ரத்தாகும். சான்றிதழ் இல்லாத வீட்ல ஆள் இருக்கக் கூடாது. நாப்பத்தாறு குடும்பமும் மூட்டையைக் கட்டணும். இந்தத் தடவை எத்தனை மாசம் ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அது உண்மையான காரணமா? அல்லது இருபத்தெட்டு வருடப் பெயர் போய்விடும் என்ற பயமா? அல்லது இரண்டுமா? நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் சொந்த டிரில்லிங் மெஷினோடு வந்தார். உள்ரூம் சுவரில், ஜன்னலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை போட்டார். வெளியே மழை இறங்காமல் ஒரு தொப்பி. உள்ளே மூடித் திறக்க ஒரு சின்னக் கதவு. அம்மா கீழே வாளியை ஏந்திக்கொண்டு நின்றாள். அனுமதி? கிடையாது. யார் செய்தது? கேபிளுக்காக விரல் தடிமனில் ஒரு ஓட்டை போட்ட நாலாம் மாடி அண்ணனை மூன்று முறை அலுவலகத்துக்கு நடக்க விட்ட அதே மனிதர்!

"ஹீட்டர் கொஞ்சம் கூட ஓடும்மா. மூச்சுக்கும் வாடகை உண்டு" என்றார். ஓடியது. முன்பு ஒரு மணி நேரம், இப்போது ஒன்றரை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விதியில் மிச்சப்பட்டதில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக வெளியே போகிறது. அதுவும் உண்மைதான்.

இழுப்பு யார் வீட்டில் அதிகமோ அந்த வீடாகப் பார்த்து ஒன்பது வீட்டுக்குச் செய்தார். ஒரு வீட்டில் பெரியப்பா குளிருகிறது என்று துளைக்குள் காலுறையைத் திணித்துவிட்டார். மறு ஞாயிறு வந்தவர் அதை இரண்டு விரலால் உருவி எடுத்து, "இதைத் துவைச்சீங்களா, அப்படியே வச்சீங்களா? இந்தக் காத்தைச் சுவாசிக்கிறதுக்குப் பூஞ்சையே தேவலாம்" என்றார். அதன் பிறகு அந்தப் பெரியப்பா அதைத் தொடவில்லை.

எங்கள் சுவர் மூன்று மாதத்தில் காய்ந்தது. இந்தக் குளிர்காலம் தம்பி ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காலையில் எழுந்து முதல் வேலையாக என்னை உதைக்கிறான். அந்த உதையை நான் எவ்வளவு ஆசையாக வாங்கிக்கொள்கிறேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

மூன்று வாரத்துக்கு முன்பு, அலுவலகம் போகப் பேருந்துக்காக நின்றிருந்தவர், நிற்க முடியாமல் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

அவர் போன ஒன்பதாம் நாள் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. புதிய ஆய்வாளர் சார் தெருவில் நின்று மேலே பார்த்திருக்கிறார். ஒன்பது தொப்பிகளும் தெரிந்திருக்கின்றன. 'குடியிருப்போர் அனுமதியின்றி இட்ட துளைகளைப் பதினைந்து நாட்களுக்குள் அடைக்க வேண்டும்.' வரும் வியாழக்கிழமை கடைசி நாள். சார் தன் வேலையைத்தான் செய்திருக்கிறார். விதிப்படி அது சரி.

அன்று மாடிப்படியில் ஒன்பது வீட்டுக்காரர்களும் கூடினோம்.

"சொல்லிட்டா என்ன? அவருதான் போட்டாருன்னு."

"செத்தவர் மேல பழி போடுறதா? வாய் கூசாதா?"

"அவர் பொண்டாட்டிக்கு வர வேண்டிய பென்ஷன்ல கை வச்சுட்டா?"

"அப்ப அடைச்சுடலாங்கிறியா? உன் மாமியார் இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்குதே."

"எங்க மாமியார் இருமலை உங்க வீட்ல யாரு கேக்கச் சொன்னா?"

கடைசியில் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அடைத்துவிடுவோம் என்று முடிவானது. அம்மா சுவர்ப்பூச்சு மூட்டை ஒன்று வாங்கி வந்து கதவோரம் வைத்துவிட்டாள். தம்பி அதன் மேல் ஏறி விளையாடுகிறான்.

நேற்று இந்தப் பேச்சு என் தலையில் விழுந்தவுடன், கேட்காமல் பேசக் கூடாது என்று அத்தை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஆச்சரியப்படவே இல்லை.

"ஞாயித்துக்கிழமையானா சட்டையெல்லாம் தூசியா வருவாரு. எங்க போனீங்கன்னா, நடக்கப் போனேம்பாரு. நடக்கப் போனவர் தலையில சிமெண்ட் எப்படி வரும்னு நான் கேக்கலை. சொல்ல முடிஞ்சா சொல்லியிருப்பாருல்ல" என்றார்.

"நாளைக்குச் சொல்லட்டுமா அத்தை? சொன்னா அவர் பேரு..."

"எனக்கும் தெரியலடா. அவரை நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பென்ஷன் என்னாகும்னும் தெரியாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா முழுசாச் சொல்லு. துளை போட்டதை மட்டும் சொல்லிட்டுத் தப்பா அளந்ததை விட்டுடாத. அதை விட்டா அவரைத் தெய்வமாக்கிடுவாங்க. அதைக் கேட்டா அவருக்குக் கூச்சமா இருக்கும்."

முழுதாகச் சொல்லிவிட்டேன் அத்தை.

அன்பார்ந்த சபையோரே! அவர் நல்லவரா? நல்லவர். தவறு செய்தாரா? செய்தார். தவறை மறைத்தாரா? மறைத்தார். விதியை மீறினாரா? ஒன்பது முறை மீறினார். என் தம்பியைப் படுக்க வைத்த காற்றுக்கும் எழுப்பிவிட்ட காற்றுக்கும் ஒரே கையெழுத்து. ஒன்றுக்கு நன்றி சொல்லும்போது மற்றது தொண்டையில் நிற்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் அழுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. அவர் மறைவாகச் செய்ததால்தான் அதை அடைக்கச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஒன்பது வீட்டுக்குக் கிடைத்தது முப்பத்தேழு வீட்டுக்குக் கிடைக்காமல் போனதும் அதனால்தான். அவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன், கொஞ்சம் வேறு மாதிரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் உங்கள் அலுவலகத்துக்கு வருவேன் ஐயா. நாற்பத்தாறு வீட்டையும் மறுபடி அளக்க வேண்டும், ஆட்களை வெளியேற்றாமல் காற்றுக்கு வழி செய்ய வேண்டும் என்று என் பெயரில் மனு கொடுப்பேன். அளக்க வந்த அன்று ஜன்னலைத் திறந்து வைத்தது நான் என்றும், கேட்டபோது பொய் சொன்னேன் என்றும் அதில் எழுதுவேன். அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. அன்று பதில் கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமையும் வருவேன். பதில் வரும்வரை எங்கள் வீட்டுத் துளையை அடைக்க மாட்டேன்.

நோட்டீஸில் 'குடியிருப்போர் இட்ட துளைகள்' என்று இருக்கிறது. அதை மாற்றி எழுதச் சாட்சி வேண்டும். ஒன்பது வீட்டுக்காரர்களும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். பெயர் சொல்லி யாரையும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கு நான் கை தூக்குகிறேன். அவர் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் தயவு செய்து கை தூக்குங்கள்.

அவசரமில்லை. நிற்கிறேன்.

பெரியம்மா, நன்றி. அண்ணா, நன்றி. அந்த மூலையில் ஒன்று. பின்னால் இரண்டு, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஒன்று. அம்மா, எங்கள் வீட்டுக்கு நான் தூக்கியாகிவிட்டது. நீயும் தூக்கினால் ஒரு வீட்டுக்கு இரண்டு கை ஆகிவிடும். பரவாயில்லை, இருக்கட்டும்.

ஐயா, ஏழு வீடு. எட்டுக் கை. எழுதிக்கொள்ளுங்கள்.